‘ஏன்’ என்று கேட்காத புரோகிராமர்: திறன் பறிப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

என் முதல் வேலை பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு வரும் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் மென்பொருளைப் பராமரிப்பது எங்கள் குழுவின் பொறுப்பு. காலையில் டிக்கெட் வரும். அதில் என்ன மாற்ற வேண்டும் என்று வரி வரியாக எழுதியிருக்கும். மாற்றுவேன், சோதிப்பேன், டிக்கெட்டை மூடுவேன், டைம்ஷீட்டில் மணிக்கணக்கை நிரப்புவேன்.

அந்த மென்பொருளில் ஒவ்வொரு பாலிசிக்கும் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. குறியீடு முதல் பட்டியலில் இருந்தால், சம்பவம் நடந்த தேதி பாலிசிக் காலத்துக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது பட்டியலில் இருந்தால், கோரிக்கை வந்து சேர்ந்த தேதியைப் பார்க்க வேண்டும். இந்தப் பட்டியல்களில் குறியீடுகளைச் சேர்ப்பதும் நீக்குவதும்தான் ஏறக்குறைய இரண்டு வருடம் என் வேலை. ஒரு பிழைகூட விடாமல் செய்தேன். பாராட்டுச் சான்றிதழ்கூடக் கிடைத்தது.

அப்புறம் வேறு வேலை தேடி ஒரு நேர்காணலுக்குப் போனேன். எதிரில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ரெண்டு வருஷம் இதைத்தான் பண்ணியிருக்கீங்க. ஏன் சில பாலிசிக்கு ஒரு தேதி, சிலதுக்கு இன்னொரு தேதி?” என்றார்.

“ஸ்பெக்ல அப்படித்தான் சார் இருந்துச்சு.” ஸ்பெக் என்றால், என்ன செய்ய வேண்டும் என்று மேலிருந்து எழுதி வரும் ஆவணம்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. கல்லூரியில் படித்ததைவிடக் குறைவாகத்தான் இப்போது எனக்குத் தெரிகிறது என்று பேருந்தில் திரும்பும்போது உறைத்தது. நான் சோம்பேறியாக இருந்ததில்லை. வாரத்துக்கு ஐம்பது மணி நேரம் உழைத்திருக்கிறேன். பிறகு எப்படித் திறமை குறையும்?

இந்தக் கேள்விக்குச் சமூகவியலில் ஐம்பது வருடமாக ஒரு பெயர் இருக்கிறது என்பது எனக்குப் பல காலம் கழித்துத்தான் தெரிந்தது. ஆங்கிலத்தில் ‘டீஸ்கில்லிங்’ என்கிறார்கள். தமிழில் திறன் இழப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். இழப்பு என்றால் கைதவறிப் போனது போல ஒலிக்கிறது. நான் திறன் பறிப்பு என்றே எழுதுகிறேன். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

தையல்கடையும் பனியன் கம்பெனியும்

தெருமுனைத் தையல்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அளவெடுப்பார், துணியைத் தடவிப் பார்ப்பார். “ஒரு தடவை தண்ணியில போட்டா சுருங்கும், கொஞ்சம் லூஸா வெச்சுத் தரேன்” என்பார். அவரே வெட்டுவார், அவரே தைப்பார், போட்டுப் பார்க்கச் சொல்வார். அக்குள் இழுத்தால் எங்கே தப்பு நடந்தது என்று அவருக்குத் தெரியும். அடுத்த சட்டையில் அந்தத் தப்பு வராது.

அதே ஆள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெட்டுவதற்குக் கட்டிங் மாஸ்டர் இருக்கிறார். பவர் டேபிளுக்கு வேறு ஆள், செக்கிங்குக்கு வேறு ஆள். இவர் நாள் முழுக்கத் தோள்பட்டை மட்டும் சேர்க்கிறார். கை வேகம் தையல்கடையில் இருந்ததைவிடப் பல மடங்கு கூடியிருக்கும். ஆனால் பத்து வருடம் கழித்து ஊருக்குத் திரும்பிக் கடை போட நினைத்தால், கழுத்து வெட்டக் கை தயங்கும்.

திறன் பறிப்பு என்பது இதுதான். ஒரு வேலையில் யோசிக்கும் பகுதியையும் செய்யும் பகுதியையும் பிரித்து, யோசிப்பதை ஒருவரிடமும் செய்வதை இன்னொருவரிடமும் கொடுத்துவிடுவது. செய்கிறவருக்கு வேகம் வளரலாம், பிழை குறையலாம். முடிவெடுக்கும் பழக்கம் மட்டும் அவரிடமிருந்து போய்விடும். முடிவெடுத்து, அதன் விளைவைக் கண்ணால் பார்த்து, அடுத்த முறை திருத்திக்கொள்வதால் வளர்வதுதான் திறமை. அந்த வட்டம் அறுந்தால் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் அது வளராது.

இந்தக் கணக்கைப் போட்டவர்கள்

கணினியின் முன்னோடி என்று நாம் பள்ளியில் படிக்கும் சார்லஸ் பாபேஜ்தான் இந்தக் கணக்கையும் வெளிப்படையாக எழுதி வைத்தவர். 1832-இல் எந்திரங்களையும் ஆலைகளையும் பற்றி அவர் எழுதிய நூலில் ஒரு வாதம் வருகிறது. ஒரு வேலையை ஒரே ஆள் முழுதாகச் செய்தால், அந்த வேலையின் மிகக் கடினமான பகுதிக்குத் தேவையான திறமைக்கு ஏற்ற கூலியை அவருக்கு முழு நேரத்துக்கும் கொடுக்க வேண்டும். வேலையைத் துண்டு துண்டாக்கினால், எந்தத் துண்டுக்கு எவ்வளவு திறமை வேண்டுமோ அவ்வளவை மட்டும் விலைக்கு வாங்கலாம். அவ்வளவுதான் விஷயம். வேலையைப் பிரித்தால் வேகம் கூடும் என்று ஆடம் ஸ்மித் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பிரித்தால் கூலி குறையும் என்பதைச் சேர்த்தவர் பாபேஜ்.

மூளை உழைப்பையும் இப்படிப் பிரிக்கலாம் என்பதற்கு அவர் காட்டிய உதாரணம் பிரான்சைச் சேர்ந்தது. 1790-களில் காஸ்பார் த ப்ரோனி என்ற பொறியாளர் மிகப் பெரிய மடக்கை (லாகரிதம்) அட்டவணைகளைக் கணக்கிடும் வேலையை ஏற்றார். ஆட்களை மூன்று அடுக்காகப் பிரித்தார். மேலே ஐந்தாறு பெரிய கணிதவியலாளர்கள், எந்தச் சூத்திரம் வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள். நடுவில் ஏழெட்டுப் பேர், சூத்திரத்தை எண்களாக மாற்றிக் கொடுப்பவர்கள். கீழே அறுபது முதல் எண்பது பேர், கூட்டலும் கழித்தலும் மட்டும் செய்பவர்கள். கீழடுக்கில் பத்தில் ஒன்பது பேருக்கு அதைத் தாண்டிக் கணக்கே தெரியாது என்றும், அதிகம் தெரிந்தவர்களைவிட அவர்களே பிழையில்லாமல் செய்தார்கள் என்றும் பாபேஜ் எழுதுகிறார். எனக்குக் கிடைத்த பாராட்டுச் சான்றிதழை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

இந்த அமைப்பின் வடிவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூம்பு மாதிரி, மேலே சிலர், கீழே பலர். பின்னால் சென்னையில் மறுபடி பார்ப்போம்.

அடுத்தவர் பிரெடெரிக் டெய்லர், அமெரிக்கப் பொறியாளர். பென்சில்வேனியாவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் இரும்புப் பாளம் சுமந்தவர்களைக் கடிகாரம் வைத்து அளந்தார். நாளைக்கு பன்னிரண்டரை டன் சுமந்துகொண்டிருந்தவரை, எப்போது தூக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே 47 டன் சுமக்க வைத்ததாக 1911-இல் வெளியான தன் நூலில் எழுதினார். அந்தக் கதையை அவர் ஊதிப் பெருக்கிவிட்டார் என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அவருடைய கொள்கையில் மழுப்பல் இல்லை. மூளையைக் கொண்டு செய்யும் வேலை எதுவும் பட்டறையில் மிச்சமிருக்கக் கூடாது, எல்லாவற்றையும் திட்டமிடும் துறைக்கு மாற்றிவிட வேண்டும் என்று 1903-லேயே எழுதிவிட்டார். பறிப்பு என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். தற்செயலாக நடந்த ஒன்றை அவர் விவரிக்கவில்லை. இப்படிச் செய்யுங்கள் என்று வழி சொல்கிறார்.

இதையெல்லாம் தொழிலாளியின் பக்கமிருந்து எழுதியவர் ஹாரி பிரேவர்மன். நியூயார்க்கின் புரூக்ளினில் கடற்படைக் கப்பல் தளத்தில் செப்பு வேலை கற்றவர். கைத்தொழில் ஒன்று கண்ணெதிரே தேய்ந்துபோவதைப் பார்த்தவர். 1974-இல் வெளியான அவருடைய நூல்தான் ‘டீஸ்கில்லிங்’ விவாதத்தைத் தொடங்கி வைத்தது. அலுவலகக் கணினி வேலையிலும் அடுக்குகள் உருவாகிவிட்டதை அதிலேயே அவர் கவனித்திருந்தார்.

கணினிக்குள் வந்த கதை

கணினித் துறைக்குள் இந்தப் பிரிவினை முதல் நாளிலிருந்தே வந்துவிட்டது. 1946-இல் பிலடெல்பியாவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியை இயக்க நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அதற்குமுன் கையால் பீரங்கிக் கணக்குப் போட்டவர்கள். கணிதத்தை மேலே இருப்பவர்கள் யோசிப்பார்கள், இவர்கள் அதை எந்திரத்தில் ஏற்றினால் போதும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. கையேடு எதுவும் இல்லாமல் மின்சுற்று வரைபடங்களை வைத்துக்கொண்டே அவர்கள் எந்திரத்தைக் கற்றார்கள். சுமார் 18,000 வெற்றிடக் குழாய்களில் (வால்வுகளில்) எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறினார்கள். ‘ஏற்றும்’ வேலைக்குள்தான் யோசனை முழுவதும் ஒளிந்திருந்தது.

ஆனாலும் அடுத்த வருடமே எனியாக் திட்டத்தோடு தொடர்புடைய கணிதவியலாளர்கள் கோல்ட்ஸ்டைனும் வான் நாய்மனும் எழுதத் தொடங்கிய அறிக்கைகளில் திட்டமிடுதல் ஒரு பக்கம், கோடிங் இன்னொரு பக்கம் என்று பிரிவு வந்துவிட்டது. கோடிங் என்பது இயந்திரத்தனமான மொழிபெயர்ப்பு என்ற எண்ணம் அன்று விழுந்த விதை.

1950-களிலும் 60-களிலும் நிர்வாகிகளுக்குப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. புரோகிராமர்கள் குறைவு, சம்பளம் அதிகம். திட்டம் எப்போது முடியும் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் எழுதியது இன்னொருவருக்குப் புரியாது. 1968-இல் மேற்கு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஒரு மாநாடு நடத்தி, இந்தக் குழப்பத்துக்கு மென்பொருள் நெருக்கடி என்று பெயரிட்டுப் பேசும் அளவுக்குப் போயிற்று. நிர்வாகிகளின் இந்தக் கவலை பொய்யில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் யாரையும் வில்லனாக்கிவிட்டுப் போவது எளிது. திட்டங்கள் நிஜமாகவே கவிழ்ந்துகொண்டிருந்தன.

கவலை நியாயமாக இருந்தாலும் தேர்ந்தெடுத்த மருந்து பழையது. பிலிப் கிராஃப்ட் என்ற சமூகவியலாளர் அமெரிக்கப் புரோகிராமர்களை ஆராய்ந்து 1977-இல் ஒரு நூல் எழுதினார். சிஸ்டம்ஸ் அனலிஸ்ட், புரோகிராமர், கோடர் என்று வேலை பிரிவதில் டெய்லரின் திட்டமிடும் துறை திரும்பி வருவதை அவர் பார்த்தார். ஒழுங்கமைந்த நிரலாக்கம் என்று அப்போது புதிதாக வந்திருந்த முறையையும் அவர் சந்தேகித்தார். எல்லோரும் ஒரே வடிவத்தில் எழுதினால் யாரை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கன்வேயர் பெல்ட் இல்லாமலே அசெம்பிளி லைன் வந்துவிடும் என்பது அவர் வாதம்.

இந்த இடத்தில் கிராஃப்டோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அந்த முறையை முன்வைத்த டச்சுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ராவுக்கு நிர்வாகிகளின் கட்டுப்பாடு நோக்கமே இல்லை. மனித மூளையால் பிடித்து வைத்துக்கொள்ள முடிகிற அளவுக்கு நிரல் தெளிவாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. அது சிந்தனைக்கான ஒழுங்கு. அதே ஒழுங்கு ஒரு மேலாளரின் கையில் வேறு பயனைப் பெற்றது.

கருவியையும் ஏற்பாட்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்

புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி தடுமாறுவது இங்கேதான். எளிதான கருவி வந்தாலே திறன் பறிபோகிறது என்று நினைத்துவிடுகிறோம்.

ஐபிஎம்மில் ஜான் பாக்கஸின் குழு 1957-இல் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியைக் கொடுத்தது; அதில் கணிதச் சூத்திரம் போலவே நிரலை எழுதலாம். அதுவரை எந்திர மொழியில் எழுதியவர்களின் அபூர்வ வித்தை ஒன்று அதனால் மதிப்பிழந்தது உண்மை. ஆனால் ஒரு இயற்பியலாளர் தன் கணக்கைத் தானே நிரலாக எழுத முடிந்தது. யோசிப்பவரும் செய்பவரும் ஒரே ஆளாக இணைந்தார்கள். இது பறிப்பு இல்லை, கூடுதல் அதிகாரம். மிக்சி வந்ததால் அம்மிக் கைப்பழக்கம் போனது. என்ன குழம்பு வைக்கலாம் என்ற முடிவு சமைக்கிறவரிடமேதான் இருக்கிறது.

எந்தப் புதிய கருவியைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது வந்த பிறகு முடிவு யாரிடம் இருக்கிறது?

நடைமுறையில் எப்படி நடக்கிறது

இனி நம் ஊருக்கு வருவோம். இந்த வேலைப் பிரிவினை கடல் தாண்டி வந்து சேர்ந்த முக்கியமான இடங்களில் சென்னையும் ஒன்று. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததற்குப் பிறகு அந்தச் சாலை நெடுக எழுந்த கட்டடங்களில் பெரும்பகுதி இந்தக் கணக்கின் மேல் நின்றவை. ஆன்சைட்டில் வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் ஓரிருவர். அவர்கள்தான் பேசுவார்கள், தேவையைப் புரிந்துகொள்வார்கள். நடுவில் சில லீடுகள், அதாவது குழுத் தலைவர்கள், அவர்கள் ஸ்பெக் எழுதுவார்கள். ஆஃப்ஷோரில், அதாவது இங்கே சென்னையில், பெரிய கூட்டம், அதில் பாதிக்குமேல் அப்போதுதான் கல்லூரி முடித்தவர்கள். தொழிலில் இதை வெளிப்படையாகவே ‘பிரமிட்’ என்பார்கள். அடித்தளம் அகலமாக இருந்தால் லாபம் நன்றாக இருக்கும். ப்ரோனியின் ஐந்தாறு, ஏழெட்டு, எண்பது நினைவிருக்கிறதா?

இங்கே மனிதருக்குப் பெயர் ‘ரிசோர்ஸ்’. “எனக்கு ரெண்டு ஜாவா ரிசோர்ஸ் வேணும்” என்று கேட்பார்கள். சொல் மட்டும்தானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை வைத்தால் வித்தியாசம் தெரியக் கூடாது என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பு நிறைவேற வேண்டுமானால், ஒருவருக்கு மட்டும் தெரிந்தது என்று எதுவும் இருக்கக் கூடாது.

அதற்கு உதவியது செயல்முறைச் சான்றிதழ். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு கஷ்டம் இருந்தது. மென்பொருள் எழுதித் தருகிறேன் என்று வரும் நிறுவனங்களில் எதை நம்புவது? அந்தத் துறையின் நிதியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1984-இல் தொடங்கிய நிறுவனத்தில், வாட்ஸ் ஹம்ஃப்ரியின் தலைமையில் உருவானது சிஎம்எம் என்ற அளவுகோல்; ஒரு நிறுவனம் எவ்வளவு ஒழுங்கான முறையில் மென்பொருள் எழுதுகிறது என்று அளப்பது. ஐந்து படிகள். கீழ்ப்படியில் எல்லாம் தனிமனிதர்களின் சாமர்த்தியத்தால் ஓடுகிறது, மேலே போகப் போக எழுதி வைத்த முறையால் ஓடுகிறது. தொலைவிலிருந்து நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டியிருந்த இந்திய நிறுவனங்கள் இதை ஆவலோடு பிடித்துக்கொண்டன. உலகிலேயே ஐந்தாம் படியை எட்டிய நிறுவனங்கள் அதிகம் உள்ள நாடாக ஒரு கட்டத்தில் இந்தியா ஆனது.

சிஎம்எம் நமக்கு நல்லதும் செய்தது. நிரலின் பழைய வடிவங்களைப் பத்திரப்படுத்துவது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்ப்பது போன்ற நல்ல பழக்கங்களைப் பலருக்குக் கற்றுக்கொடுத்தது. கெடுதல் எங்கே வந்தது என்றால், தனிமனிதரின் சாமர்த்தியம் என்பதே ஒரு குறை, ஒழிக்க வேண்டிய அபாயம் என்ற பார்வை ஊறியபோது. ரிவியூவில் செக்லிஸ்டில் இல்லாத கேள்வியை ஒருமுறை கேட்டேன். “அது ஸ்கோப்ல இல்லப்பா, விடு” என்றார் லீட். அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் அவருக்கும் மேலே, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். கேட்கும் நேரத்துக்குப் பில்லிங் கிடையாது.

அளவுகோல் வைப்பது இன்னொரு வழி. 1982-இல் ஆப்பிளில் லிசா கணினிக் குழுவின் மேலாளர்கள், ஒவ்வொரு புரோகிராமரும் வாரத்துக்கு எத்தனை வரி எழுதினார் என்று படிவம் நிரப்பச் சொன்னார்கள். பில் அட்கின்சன் அந்த வாரம்தான் தன் வரைகலை நிரலின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதியிருந்தார். அது ஏறக்குறைய ஆறு மடங்கு வேகமானது, கூடவே 2000 வரிகள் குறைந்தும் போயின. படிவத்தில் –2000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் அந்தப் படிவத்தைக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அட்கின்சனுக்கு அது கட்டுப்படியாகும். சேர்ந்து எட்டு மாதமான ஒருவர் அப்ரைசல் நேரத்தில் அப்படி எழுதிக் கொடுக்க முடியாது. அவர் வரிகளைக் கூட்டக் கற்றுக்கொள்வார். சுருக்கமாக எழுதும் கலை அங்கேயே நின்றுபோகும்.

2001-இல் பதினேழு பேர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பனிமலை விடுதி ஒன்றில் கூடி ‘அஜைல்’ என்ற மென்பொருள் உருவாக்க முறைக்கான அறிக்கையை எழுதினார்கள். செயல்முறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களும் அவர்களுக்கு இடையிலான பேச்சும் முக்கியம் என்பது அதில் சொன்ன மதிப்புகளில் முதலாவது. டெய்லருக்கு நேர் எதிர். ஆனால் பல அலுவலகங்களில் அது வந்து சேர்ந்த வடிவத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தினமும் காலையில் நின்றுகொண்டு ‘நேற்று என்ன செய்தேன்’ என்று கணக்கு ஒப்பிப்பது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வேலையின் அளவுக்கும் கொடுக்கும் ஸ்டோரி பாயின்ட் என்ற மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பது, ஒரு குழுவின் வேகத்தை இன்னொரு குழுவோடு ஒப்பிடுவது. அறிக்கையில் கையெழுத்திட்ட ரான் ஜெஃப்ரிஸ், ஸ்டோரி பாயின்ட்டை ஒருவேளை நான்தான் கண்டுபிடித்தேனோ என்னவோ, அப்படியானால் வருந்துகிறேன் என்று பின்னாளில் எழுதினார்.

ஆவணத்தில் ஏறாத அறிவு

‘எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டால் ஆள் மாறினால் என்ன?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு நான் அறிந்தவற்றில் சிறந்த பதிலைச் சொன்னவர் டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நாவ்ர். 1985-இல் வெளியான கட்டுரை ஒன்றில் அவர் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஒரு குழு, நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒன்றை மிக நேர்த்தியாக எழுதியது. அதை விரிவாக்கும் பொறுப்பு இரண்டாவது குழுவுக்குப் போனது. முழு ஆவணங்களும் விளக்கக் குறிப்புகளோடு நிரலும் கொடுக்கப்பட்டன. கேட்டால் ஆலோசனை சொல்லவும் முதல் குழு தயாராக இருந்தது. இருந்தும் இரண்டாவது குழு முன்வைத்த தீர்வுகள் பல, கம்பைலரின் உள்ளமைப்பு ஏற்கெனவே தந்த வசதியைக் கவனிக்காமல், ஒட்டுப்போட்டு அதன் அழகையும் வலுவையும் கெடுப்பவையாக இருந்தன. முதல் குழுவினரோ அதைப் பார்த்த உடனே கண்டுபிடித்து, அதே அமைப்புக்குள் எளிய வழியைக் காட்டினார்கள். அப்புறம் நிரல் மேலும் கை மாறியது. சில வருடங்களில் அந்த அமைப்பு இருக்கிறது, ஆனால் ஒட்டுகளின் நடுவே எதற்கும் உதவாமல் கிடக்கிறது என்ற நிலை வந்துவிட்டது.

நாவ்ர் சொல்ல வந்தது இது: ஒரு மென்பொருளை உருவாக்குகிறவரின் முக்கிய விளைபொருள், அவர் மனதில் உருவாகும் புரிதல். உலகில் நடக்கும் எந்த விஷயத்துக்கு நிரலின் எந்தப் பகுதி பொருந்துகிறது, ஏன் இப்படி இருக்கிறது, நாளை புதிதாக ஒன்று வந்தால் எங்கே பொருந்தும் என்ற அறிவு. நிரலும் ஆவணமும் அதன் நிழல்கள். அந்தக் குழு கலையும்போது மென்பொருளும் செத்துவிடுகிறது, தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தாலும்கூட.

நம் அலுவலகங்களில் ‘கேடி’ (அறிவுப் பரிமாற்றம்) என்று இரண்டு வாரம் உட்கார்ந்து ஸ்லைடுகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இதே காரணத்தால்தான் மென்பொருளை ஆலைப் பொருள் போலத் தயாரிக்க முயன்ற ‘மென்பொருள் ஆலைகள்’ எதிர்பார்த்தபடி ஓடவில்லை. கலிபோர்னியாவின் சாந்தா மோனிகாவில் இருந்த சிஸ்டம் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் 1970-களின் நடுவில் அந்தப் பெயரிலேயே ஒன்றை அமைத்தது. தேவையை ஆராய்பவர்கள் வாடிக்கையாளரின் இடத்தில், எழுதுபவர்கள் மையத்தில். சில வருடங்களிலேயே அது கைவிடப்பட்டது. தங்கள் ஆட்கள் தங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று திட்ட மேலாளர்களே விரும்பினார்கள். ஜப்பானில் ஹிட்டாச்சியும் தோஷிபாவும் நடத்திய ஆலைகள் நீடித்தன. அங்கே ஆட்களுக்கு நீண்ட காலப் பயிற்சி இருந்தது, அதே நிறுவனத்தில் பல வருடம் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பிரேவர்மனும் கிராஃப்டும் பயந்தது அப்படியே நடந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். புரோகிராமர்கள் மொத்தமாகக் கூலிக்காரர்கள் ஆகிவிடவில்லை. எண்ணிக்கை பெருகியது, பலரின் சம்பளம் நன்றாகவே உயர்ந்தது. ஒரு அடுக்கு வாடிக்கையான வேலையாக மாறும்போதெல்லாம் அதற்கு மேல் புதிதாக ஒரு கடினமான அடுக்கு முளைத்தது. நடந்தது ஒருவிதமான பிளவு. ஒரே தொழிலுக்குள் முடிவெடுக்கிறவர்கள் ஒரு பக்கம், டிக்கெட் மூடுகிறவர்கள் ஒரு பக்கம். இரண்டு பேருக்கும் விசிட்டிங் கார்டில் ஒரே பதவிப் பெயர் இருக்கலாம்.

இப்போது ஏஐ உதவியாளர்கள் வந்துவிட்டன. நிரலை அவையே எழுதித் தருகின்றன. முன்னால் சொன்ன கேள்வியை இங்கேயும் கேட்டுப் பாருங்கள். ஒரு அனுபவசாலி தான் யோசித்ததை வேகமாக எழுத அதைப் பயன்படுத்தினால், அது ஃபோர்ட்ரான் மாதிரி. நாளைக்கு இத்தனை மாற்றங்களைச் சரிபார்த்து ஒப்புதல் கொடு என்று புதியவரை உட்கார வைத்தால், அது ஓவர்லாக் மெஷின் மாதிரி. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே தானியங்கி ஆலைகளையும் விமானங்களையும் வைத்து இந்தச் சிக்கலை எழுதிவிட்டார். எளிய வேலை எல்லாவற்றையும் எந்திரம் எடுத்துக்கொள்கிறது. அது திணறும் கடினமான தருணத்தில் மட்டும் மனிதர் தலையிட வேண்டும் என்கிறோம். ஆனால் அந்தத் தருணத்துக்கான பழக்கம் எளிய வேலைகளைச் செய்துதான் வருகிறது. அதைத்தான் அவரிடமிருந்து எடுத்துவிட்டோம்.

நீங்கள் இந்தத் தொழிலில் புதிதாகச் சேர்ந்திருந்தால் உங்கள் நிலையைத் தெரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நீங்கள் எழுதியதைப் பயன்படுத்தும் ஒருவரையாவது பார்த்திருக்கிறீர்களா? அது உடைந்தால் உங்களுக்குத் தகவல் வருகிறதா, அல்லது வேறு குழுவுக்குப் போய்விடுகிறதா? ஸ்பெக் தப்பு என்று உங்களுக்குத் தோன்றினால் சொல்வதற்கு ஓர் ஆள் இருக்கிறாரா? போன மாதம் நீங்களே எடுத்த முடிவு ஒன்றைச் சொல்ல முடியுமா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று வந்தால் தப்பு உங்களிடம் இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் நீங்கள் செலவிடும் வருடங்கள் உங்களுடையவை.

எனக்குக் கிடைத்த இரண்டாவது வேலை சிறிய நிறுவனம் ஒன்றில். அங்கேயும் காப்பீடுதான். சேர்ந்த முதல் வாரம் என் குழுவின் சீனியர் அக்கா ஒருவர் என்னைக் கணினிப் பக்கமே விடவில்லை. “முதல்ல இவங்க என்ன பண்றாங்கன்னு பாரு” என்று கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் ஒரு அம்மாவின் பக்கத்தில் மூன்று நாள் உட்கார வைத்தார். இரண்டாம் நாள் மதியம் தயங்கித் தயங்கி அந்தப் பழைய கேள்வியைக் கேட்டேன். ஏன் சில பாலிசிக்கு ஒரு தேதி, சிலதுக்கு இன்னொரு தேதி?

அவர் ஃபைலை மூடிவிட்டுச் சொன்னார். கடையில் ஒருவர் வழுக்கி விழுந்தால் அன்றே தெரிந்துவிடும், அதனால் விழுந்த தேதியைப் பார்க்கிறார்கள். ஒரு டாக்டர் செய்த தவறு அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்து வருடம் கழித்துத்தான் வெளியே தெரியலாம். அதனால் டாக்டர்களுக்கான பாலிசிகளில் பலவற்றுக்கு வழக்கு எப்போது வந்தது என்பதுதான் கணக்கு. வழக்கு வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

முதல் வேலையில் ஒரு மூன்றெழுத்துக் குறியீட்டை இரண்டாவது பட்டியலிலிருந்து எடுத்து முதல் பட்டியலில் வைக்கச் சொல்லி ஒரு டிக்கெட் வந்தது. வைத்தேன். மூன்று மாதம் கழித்து, திரும்பவும் பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லி இன்னொரு டிக்கெட் வந்தது. அதையும் செய்தேன். இரண்டுமே குறித்த நேரத்துக்குள் மூடப்பட்டன. இடைப்பட்ட அந்த மூன்று மாதத்தில் அந்தக் குறியீட்டின் கீழ் வந்த கோரிக்கைகள் என்ன ஆயின என்று அந்த மதியம்தான் முதன்முதலாக யோசித்தேன்.